ஆளில்லாக் கப்பலும் அப்பாவும்

சிங்கப்பூரின் தேக்காவில் அன்றைக்கு வீடியோ டேப் கிடைக்காத சந்தே கிடையாது. மளிகைக் கடையின் பின்கட்டு, தையல் கடை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து, பூக்கடைக்குப் பக்கத்து அறை என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் கறுப்புப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். சிங்கப்பூருக்கென்று சொந்தமாகப் பதிப்புரிமைச் சட்டம் 1987இல்தான் வந்தது. அதுவரை, தீபாவளிக்குச் சென்னையில் வெளியான படம் பள்ளி விடுமுறை முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நிறம் வெளிறி, திரையின் அடியில் வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டிருந்தாலும் யாருக்கும் குறையில்லை.

1984 டிசம்பரில் அப்பா எடுத்துவரப் போனது ரஜினியின் ‘நல்லவனுக்கு நல்லவன்’. நாங்கள் டேப் மாமா என்று கூப்பிடும் கடைக்காரர் கூடவே இன்னொன்றையும் பையில் போட்டார். “கப்பல் படம்ணே. யார்டு ஆளு நீங்க, உங்களுக்குப் பிடிக்கும். நாளைக்குக் குடுத்தாப் போதும், காசு வேணாம்.”

அட்டையைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கப்பலின் முன்மூக்கே மண்டையோட்டு முகமாக இருந்தது. ‘டெத் ஷிப்’ என்று அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ரஜினி படம் பகலிலேயே முடிந்துவிட்டதால் இரவுக்கு இதுதான் மிச்சம்.

எங்கள் வீடு பஃபலோ சாலையில், தேக்கா சந்தைக்கு மேலே எழுந்த அடுக்குமாடிகளில் ஒன்றில். கீழே மீன்கடைகளைக் கழுவிவிட்ட ஈரமும் ஆட்டுக்கறி வாசமும் மாலை வரை மின்தூக்கிக்குள்ளேயே குடியிருக்கும். கூடத்தில் பாய் போட்டு அப்பாயி, நாற்காலியில் அப்பா, தொலைக்காட்சிக்கு மூன்றடி தள்ளி நானும் அண்ணனும். அம்மா, “பேய்ப் படம்னா நான் வரல” என்று அடுப்படியில் நின்றுவிட்டார். ஆனால் அடுப்படிக் கதவிடுக்கில் அவருடைய பாதி முகம் கடைசிவரை தெரிந்துகொண்டிருந்தது.

படத்தின் கதை எளிது. ஓர் உல்லாசக் கப்பலில் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கிறார்கள். ஓய்வுபெறப் போகும் சிடுமூஞ்சிக் கப்டனாக ஜார்ஜ் கென்னடி. இருட்டில் ஒரு கறுப்புக் கப்பல் நேரே வந்து மோதுகிறது. விடிகிறபோது தெப்பத்தில் மிஞ்சியவர்கள் ஒரு சிலர்தான். அவர்களுக்கு எதிரே அதே கறுப்புக் கப்பல் சும்மா நிற்கிறது. பக்கவாட்டில் ஏணி தொங்குகிறது. ஏறிப் பார்த்தால் ஆள் அரவமே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கடற்படை கைதிகளை வதைத்துக் கொன்ற கப்பல் அது என்று பிறகு தெரிகிறது. ரத்தம் கேட்டு அது தானாகவே கடலில் திரிகிறது. 1980இல் ஆல்வின் ரேக்கஃப் இயக்கிய இந்தப் படத்தை விமர்சகர்கள் அப்போதே கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்போது பார்த்தால் எனக்கும் பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றிரவு எங்கள் கூடத்தில் அது ஓடிய விதம் வேறு.

ஏணிக் காட்சி வந்ததும் அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பல் ஏறுவது அவருக்குத் தெரிந்த விஷயம். கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து அவர் வந்தது ரஜுலாவில். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆட்களை ஏற்றி இறக்கியது. நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், படகும் கப்பலும் ஒன்றாக எழும்புகிற கணம் பார்த்துத் தாவிக் காலை வைக்க வேண்டும். மேல்தளத்தில் பாய் விரிக்க இடம் பிடித்தவர் புண்ணியவான். வெங்காய மூட்டை வாசமும் வாந்தி வாசமும் ஒரு வாரத்துக்குக் கூடவே வரும் என்பார்.

அப்படிப்பட்டவருக்குப் படத்தின் நாயகன் ஏணியில் காலை வைத்தது பொறுக்கவில்லை. “ஏறுறதுக்கு முன்னாடி மேல யாருன்னு ஒரு சத்தம் குடுக்க வேணாமா? கயித்த யாரு புடிச்சிருக்கான்னு தெரியாம ஏறுறானே, கட்டையில போறவன்.”

இங்கிலீஷ் தெரியாத அப்பாயிக்கு நாங்கள் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

அப்பாவின் குறை வேறு. அவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாய்லர் மேக்கர். இரும்புத் தகடு வெட்டுவது, கொதிகலன் குழாய் மாற்றுவது, உள்ளே தவழ்ந்துபோய் ஒட்டுவது. திரையில் நங்கூரம் தானாக ஏறியது. பாரந்தூக்கி தானாகத் திரும்பி, படத்தின் கோமாளியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கடலில் முக்கியது. சுக்கான் சக்கரம் சுற்றியது. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் ஒளிந்தான். அப்பா சொன்னார்: “கொதிகலன்ல நெருப்பு இல்லாம நீராவி எங்கேருந்துடா வரும்? எண்ணெய் காட்டாம இந்த வின்ச்சு ஒரு சுத்து சுத்துமா? பத்து வருஷம் உப்புத் தண்ணியில நின்னா இரும்பு அடைஅடையா உரிஞ்சிருக்கணும், இவன் பளபளன்னு வச்சிருக்கான்.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்தப் பேய்க்கு ஓவர்டைம் கேக்கத் தெரியல போல” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார்.

படத்தில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான். ஊரே செத்துக்கொண்டிருக்க, அவன் ஒண்ணுக்கு வருகிறது என்று நச்சரித்துக்கொண்டே இருப்பான். அவன் ஒருவன்தான் எங்களுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான். கிழவி ஒருத்தி அந்தக் கப்பலில் கிடைத்த மிட்டாயைத் தின்று முகம் அழுகிப்போவாள். படம் காட்டும் கருவி தானாக ஓடும். ஒரு பெண் குளிக்க நிற்க, தண்ணீருக்குப் பதில் ரத்தம் கொட்டும், கதவு திறக்காது. இதற்குப் பிறகு நெடுநாள் நான் ஷவர் பைப்பைத் தொடவில்லை. வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக்கொள்வேன், கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்தபடி.

அப்பாவின் பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இயக்குநருக்கு இயந்திர அறையின் மேல் ஒரு மோகம். கதையை விட்டுவிட்டு அடிக்கடி அங்கே போய் நின்றுவிடுவார். எண்ணெய் மின்ன பிஸ்டன்கள் ஏறி இறங்கும், தண்டுகள் சுற்றும், மெல்லிய ஆவி சீறும், ஆள் மட்டும் இருக்க மாட்டான். முதல்முறை அப்பா அதற்கும் ஏதோ குறை சொன்னார். பிறகு கேமரா இன்னும் கீழே, ஒடுக்கமான இரும்பு அறைகளுக்குள் இறங்கியது. அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அடுப்படி இடுக்கில் இருந்த அம்மாவின் முகம் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பைரோஸ் என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. 1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை. கிரேக்க எண்ணெய்க் கப்பல். ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்க நின்றது. மதிய உணவு முடித்து ஆட்கள் இயந்திர அறைக்கும் கொதிகலன் அறைக்கும் திரும்பியிருந்த நேரம். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்து தீப்பற்றக்கூடிய ஆவி சேர்ந்திருந்தது. அதன் அருகே நடந்த வெட்டுவேலையின் நெருப்பு அதைப் பற்றவைத்தது. தொட்டி வெடித்து, இயந்திர அறையை மறைத்து நின்ற இரும்புச் சுவர் கிழிந்து, எரிகிற எண்ணெய் உள்ளே இருந்தவர்கள் மேல் கொட்டியது. 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் அதற்கு இணையான தொழில் விபத்து இன்றுவரை இல்லை.

அப்போது நாங்கள் தாமான் ஜூரோங்கில் குடியிருந்தோம். அப்பா வேலை பார்த்தது வேறு யார்டு. ஆனால் எந்தக் கப்பல், எந்த யார்டு என்று அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. வீட்டில் தொலைபேசியும் இல்லை. வாகனங்கள் அலறிக்கொண்டு போவதைத் தாழ்வாரத்தில் நின்று பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே கம்பியைப் பிடித்து ஒரே பக்கம் பார்த்து நின்றது, எனக்கு இருக்கும் மிகப் பழைய நினைவுகளில் ஒன்று. அப்பா இரவு நடந்தே வந்தார். காலணியைக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுவைத்த தட்டு காலையில் அப்படியே இருந்தது என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

‘டெத் ஷிப்’ எடுத்தவர்களுக்குக் காலியான கப்பல்தான் பயங்கரம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. உள்ளே ஆட்கள் இறங்கி வேலை பார்க்கிற கப்பல்தான் அம்மாவை வாசலுக்கும் தாழ்வாரத்துக்குமாக நடக்கவைத்தது.

மறுநாள் டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டேப் மாமா விடவில்லை. இதென்ன பிரமாதம், நம்ம மலாக்கா நீரிணையிலேயே நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். ஒராங் மேடான் என்ற டச்சுக் கப்பல். அதிகாரிகள் எல்லாரும் செத்துவிட்டார்கள், நானும் சாகிறேன் என்று தந்தி அடித்துவிட்டு அடங்கிவிட்டதாம். உதவிக்குப் போனவர்கள் ஏறிப் பார்த்தால் தளம் முழுக்கப் பிணங்கள், உடம்பில் காயமே இல்லை, கண்கள் வானத்தைப் பார்த்து விறைத்திருந்தன, நாய் உட்பட. கட்டி இழுக்கப் பார்க்கும்போது கப்பல் தீப்பிடித்து வெடித்து முங்கிவிட்டது. மாமா இதைச் சொல்லும்போது வாடிக்கையாளர் ஒருவர் காசு நீட்டியபடி மறந்து நின்றார்.

வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். ஆண்டு 1947 என்பார்கள், 1948 என்பார்கள். லாயிட்ஸ் பதிவேட்டில் அப்படி ஒரு கப்பலே இல்லை. 1948இல் ஜாவாவில் வந்த டச்சு நாளிதழ் ஒன்று இதைத் தொடராக வெளியிட்டது. 1952இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் இதழிலும் வந்தது. ஆனால் 1940லேயே, வேறொரு கடலை வைத்து, பிரிட்டன் பத்திரிகைகளில் இதே கதை உலவியிருக்கிறது. அதாவது பிணங்களோடு அலைந்தது கதைதான், கப்பல் இல்லை. இது தெரிந்தபோது மாமாவுக்காகக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தேக்காப் பிள்ளைகளுக்குப் பேய் புதிதல்ல. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, அவர்கள் கணக்கில் ஏழாம் மாதம் வந்தால், கீழே தகரத் தொட்டியில் காகிதப் பணம் எரிப்பார். சாம்பல் காற்றில் எங்கள் மாடி வரை ஏறிவரும். திடலில் கெத்தாய் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை பேய்களுக்கு. மறந்தும் யாரும் உட்கார மாட்டார்கள். பேய்க்கும் அங்கே மாதம் உண்டு, இருக்கை உண்டு, சாப்பாடு உண்டு. மாதம் முடிந்தால் போய்விடும். ‘டெத் ஷிப்’பில் பேய் என்று ஒன்றைக் கண்ணிலேயே காட்டவில்லை. எரிப்பதற்கோ படைப்பதற்கோ ஆள் முகம் இல்லாத இரும்பு. ஆன்ட்டியிடம் அண்ணன் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்தக் கப்பலில் செத்தவர்களுக்கு யாரும் சோறு வைக்கவில்லையா என்றுதான் கேட்டார்.

படம் பார்த்த அடுத்த ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனோம். வழக்கமாக எனக்குப் பிடித்த இடம். கடலில் வரிசையாகக் கப்பல்கள் நங்கூரமிட்டு முறைக்காகக் காத்திருக்கும். இருட்டினால் கரைக்கு எதிரே இன்னொரு ஊர் விளக்கேற்றிக்கொண்டது போல இருக்கும். அன்றைக்கு நான் விளக்கு எரியாத கப்பலாகத் தேடினேன். ஒன்று இருந்தது. கறுப்பாக, கொஞ்சம் சாய்ந்து. அப்பாவிடம் காட்டினேன். சரக்கு இறக்கியதால் உயர்ந்து நிற்கிறது, விளக்கு மறுபக்கம் இருக்கும் என்றார். பிறகு, “ஒவ்வொண்ணுலயும் இருபது முப்பது பேரு இருக்கான் பாப்பா. இந்நேரம் சோறு ஆக்கிட்டு இருப்பான்” என்றார். எனக்கு அது போதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1983 ஜனவரியில், எனிவெடோக் என்ற எண்ணெய்த் துளைக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போகும்போது அதன் கோபுரம் செந்தோசா கேபிள் காரின் கம்பியில் மாட்டி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்தவர்களை இரவில் ஹெலிகாப்டர் வந்து மீட்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தக் கப்பலிலும் ஆட்கள் இருந்தார்கள்தானே என்று கேட்டேன். அப்பா கச்சான் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் எரிந்தது.

ரஜுலாவுக்குப் பிறகு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய கப்பல் அது. எங்கள் உறவில் அதில் போய்வராத குடும்பம் இல்லை. டிரங்குப் பெட்டி, கோடாலித் தைலம், டிரான்சிஸ்டர், சித்தப்பாவுக்குக் கைலி என்று கட்டிக்கொண்டு ஏறுவார்கள். விமானத்துக்குப் பணம் இல்லாதவர்களுக்கும், விமானத்தில் ஏற்றமுடியாத அளவு சாமான் இருந்தவர்களுக்கும் அதுதான் வழி. நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். கப்பல் மறுபடி ஓடவில்லை, உடைக்கப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டையும் மலாயாக் கரையையும் இணைத்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது. அப்பாயி தமிழ் முரசை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கீழ்த்தட்டுல இருந்தவங்களா?”

பின்னாளில் எனக்குத் தெரியவந்த ஒரு சங்கதியை அப்பாயியிடம் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. சிதம்பரம் பிறந்தது பிரான்சில். 1966இல் பாஸ்தர் என்ற பெயரில் தென் அமெரிக்காவுக்கு ஓடிய சொகுசுக் கப்பல். 1970களில்தான் இந்தியாவுக்கு வந்து தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டது. ‘டெத் ஷிப்’ படத்தில் மூழ்குகிற உல்லாசக் கப்பலும் பிரெஞ்சுக் கப்பல்தான். அந்தக் காட்சிகள் 1960இல் வந்த ‘தி லாஸ்ட் வாயேஜ்’ என்ற படத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. அந்தப் படத்துக்காக, உடைப்பதற்கென்று ஜப்பானுக்கு விற்கப்பட்ட ‘இல் து பிரான்ஸ்’ என்ற புகழ்பெற்ற கப்பலை நிஜமாகவே பாதி முக்கியிருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பயணிகளைச் சுமந்த கப்பல் சாவதை இரண்டு படங்களுக்குக் காசாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால், அந்த ரத்த ஷவரைவிட இதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கைவிடப்பட்ட கப்பல் என்பதற்குச் சட்டத்தில் இன்றைக்கு இருக்கும் பொருளையும் எந்தப் பேய்ப்படமும் எடுக்கவில்லை. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமலோ, சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் வழிசெய்யாமலோ, ஊர் திரும்ப டிக்கெட் எடுக்காமலோ விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் மாலுமிகள் கைவிடப்பட்டவர்கள். அதற்குக் காப்பீடு கட்டாயமானது 2017இல்தான். அதாவது அந்தக் கப்பல்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

2020இல் நோய்த்தொற்றுக்காக எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது அப்பாவுக்கு விக்கி கௌஷல் நடித்த ‘பூத்’ இந்திப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மும்பை ஜூகு கடற்கரையில் ஆளில்லாத பேய்க்கப்பல் ஒதுங்குகிற கதை. 2011இல் அங்கே உண்மையாகவே இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து ஒதுங்கின. ஜூனில் வந்தது விஸ்டம். கொழும்பிலிருந்து அலாங்குக்கு உடைக்க இழுத்துப்போகும் வழியில் கயிறு அறுந்து கரை தட்டியது. ஜூலைக் கடைசியில் வந்தது பவித்; ஓமான் அருகே மூழ்கிவிடும் என்று நம்பி ஆட்கள் இறங்கிவிட, அது மூழ்காமல் அரபிக்கடல் முழுக்கத் தானே மிதந்து, கடலோரக் காவலர் கண்ணில் படாமல் மும்பை மணலில் வந்து நின்றது. படத்துக்கு முன்னால் இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். காது மந்தமாகிவிட்டதால் கொஞ்சம் கத்தித்தான்.

பேய் சுவரில் ஊர்ந்தபோது அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். நாயகன் கீழ்த்தளத்துக்கு விளக்கோடு இறங்கியபோது, “தனியா இறங்குறான் பாரு. மேல ஒருத்தன் நிக்கணும், வாயு சோதிக்கணும்” என்றார். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“அந்த நெசக் கப்பல்... இழுத்த கயிறு எத்தனை இஞ்சாம்? சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது யாரு? அதத் தேடு மொதல்ல.”